ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த 31 கிராமங்கள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் விஜயநகர அரசர் சதாசிவராயரின் செப்பேட்டுத் தொகுதி ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 1478, அதாவது கி.பி. 1556-ல் வெட்டப்பட்டது. ஜெர்மானிய வடமொழி அறிஞர் கீல்ஹார்ன் அதைப் படித்துப் பதிப்பித்தார். அரச குலத்தின் பெருமைகளைச் சுலோகங்களாக அடுக்கிவிட்டு ஏடு காரியத்துக்கு வருகிறது. கொண்டராஜன் என்ற தலைவன், அரசர் பெயரில் ஆட்சியை நடத்திவந்த ராமராயரிடம் விண்ணப்பிக்கிறான். ராமராயர் அதை அரசரிடம் எடுத்துச் சொல்கிறார். அரசர் 31 கிராமங்களை ஸ்ரீபெரும்புதூரில் எழுந்தருளியிருக்கும் ராமானுஜருக்குத் தானமாகத் தருகிறார். அந்த ஊர்களின் வருமானம் பூசைக்கும் திருவிழாவுக்கும் வைணவர்களுக்குச் சோறிடுவதற்கும் போகவேண்டும்.

தானம் பெற்றவர் யார் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த ஊரில் ஆதிகேசவப் பெருமாள் இருக்கிறார். ஆனால் 31 கிராமங்களும் எழுதப்பட்டது அந்தக் கோயிலில் சிலையாக நிற்கும் ஓர் ஆசாரியரின் பெயருக்கு. மரபுக் கணக்குப்படி 1017-ல் அதே ஊரில் பிறந்து 1137-ல் திருவரங்கத்தில் மறைந்த மனிதர் அவர். துங்கபத்திரைக் கரையில் ஆண்ட பேரரசு, 400 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன தொண்டை நாட்டுத் துறவி ஒருவருக்கு இத்தனை ஊர்களை ஏன் கொடுத்தது? இந்தக் கேள்வியின் விடைக்குள் சோழர் காலம் முதல் கிழக்கிந்தியக் கம்பெனி காலம் வரை தமிழகத்தில் மதமும் அரசும் ஒன்றையொன்று மாற்றிய கதை அடங்கியிருக்கிறது.

கதையின் தொடக்கம் இன்றைய தொழிற்பேட்டைச் சாலைகளிலேயே கிடக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் கிளம்பினால் முதலில் வருவது பூந்தமல்லி. ராமானுஜர் தம் வழிகாட்டியாகக் கொண்ட திருக்கச்சி நம்பியின் ஊர் அது. நம்பி வணிகர் குலத்தவர். காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். அடுத்து வரும் நசரத்பேட்டை, ராமானுஜரின் மருமகனும் முதல் சீடர்களில் ஒருவருமான முதலியாண்டான் பிறந்த இடம். சற்று விலகினால் திருமழிசை. அங்கே பிறந்த ஆழ்வார் பல சமயங்களைப் பயின்று பார்த்து, கடைசியில் பேயாழ்வாரால் திருமாலடியார் ஆனார் என்று மரபு சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து மேற்கே மதுரமங்கலம், ராமானுஜரின் சீடர் எம்பாரின் ஊர். காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம், இன்னொரு சீடரான கூரத்தாழ்வானின் ஊர். ஒரு மதத்தின் போக்கையே திருப்பிய குழுவில் முக்கியமானவர்கள் இத்தனை பேர் ஓரிரு நாள் நடைத்தூரத்துக்குள் பிறந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மதம் என்பது பிறப்போடு ஒட்டிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. எம்பாரின் வாழ்க்கை அதற்கு நல்ல சான்று. கோவிந்தன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் ராமானுஜரின் சிற்றன்னை மகன். காசி யாத்திரையில் சிவபக்தராகி, உள்ளங்கை கொணர்ந்த நாயனார் என்ற பெயரோடு காளத்தியில் சிவத்தொண்டு செய்துகொண்டிருந்தார். தாய்மாமன் பெரிய திருமலை நம்பி காளத்திக்கே போய் வாதம் செய்து அவரைத் திருப்பி அழைத்துவந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் சைவர், ஒருவர் வைணவர். ராமானுஜருக்கு முதலில் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த யாதவப்பிரகாசரோ வேறொரு கொள்கைக்காரர். அவரும் பின்னாளில் தம் மாணவரிடமே சீடராகச் சேர்ந்தார் என்கிறது மரபு. பக்கத்துக் காஞ்சியில் சமணர்களுக்குத் திருப்பருத்திக்குன்றம் இருந்தது. பௌத்தமும் அங்கே நீண்டகாலம் செழித்திருந்தது.

ராமானுஜர் செய்த பெரிய காரியம் ஸ்ரீபாஷ்யம் என்ற வேதாந்த உரையை எழுதியதோடு நிற்கவில்லை. அவர் ஓர் அமைப்பை உண்டாக்கினார். திருவரங்கம் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு, அவர் கோயில் பணியாளர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, யாருக்கு என்ன வேலை, என்ன மரியாதை என்று வகுத்ததை விரிவாகச் சொல்கிறது. பிராமணர் அல்லாதவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்து ஊர் ஊராகச் சீடர் பரம்பரைக்கு வழிசெய்தார் என்பது வைணவர்களின் உறுதியான நினைவு. சோழ அரசன் ஒருவனின் கோபத்துக்கு அஞ்சி வெள்ளை உடுத்து மேற்கே போனதும், கூரத்தாழ்வான் கண்ணிழந்ததும், போசள நாட்டு மேலக்கோட்டையில் புதிய கோயில் எழுந்ததும் அதே நினைவின் பகுதிகள். அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் விளைவு தெளிவானது. ஓர் அரசனின் ஆதரவு இல்லாமலேயே, ஒரு நாட்டு எல்லையைத் தாண்டியும் உயிரோடிருக்கக்கூடிய சமயக் கட்டமைப்பு உருவாகிவிட்டது.

அதற்குப் பெரிய சோதனை 14-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1311-ல் மாலிக் காபூரின் படையும், 1323-ல் உலூக் கானின் படையும் டில்லியிலிருந்து தெற்கே வந்தன. திருவரங்கத்து உற்சவமூர்த்தியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் பாண்டிய நாட்டுக்குப் போனார், வழியிலேயே காலமானார். உற்சவமூர்த்தி பல ஊர்களில் அலைந்து திருமலையில் பல காலம் தங்கியது. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் முதலில் படைவீட்டுச் சம்புவராயரை அடக்கி, பிறகு மதுரை சுல்தானை வென்றார். 1371-ல் அவருடைய அதிகாரி கோபணார்யர் செஞ்சியிலிருந்து நம்பெருமாளைத் திருவரங்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் செய்தி அங்கே கல்லில் இருக்கிறது.

வடக்கே கன்னட நாட்டில் பிறந்த அரசுக்குத் தமிழ்நாட்டில் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. நம்பெருமாளைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் என்ற பெயர் அந்த அரசுக்கு இங்கே வேர்பிடிக்க இடம் கொடுத்தது.

இதே அரசு எல்லாச் சமயத்தாரையும் எப்படி நடத்தியது என்பதற்கு 1368-ல் சிரவணபெலகோலாவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு சாட்சி சொல்கிறது. வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்வதாகச் சமணர்கள் அரசர் முதலாம் புக்கரிடம் முறையிட்டார்கள். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேலக்கோட்டை உள்ளிட்ட தலங்களின் வைணவர்களைக் கூட்டிவைத்து, சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் கொடுத்து, இரண்டு தரிசனங்களுக்கும் பேதம் இல்லை என்று புக்கர் தீர்ப்பளித்தார். சமணரின் வாத்திய மரியாதைகளும் கலசமும் பழையபடி தொடரவேண்டும் என்றார். சில ஆண்டுகளில் திருப்பருத்திக்குன்றத்தில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் சமணக் கோயிலில் மண்டபம் எழுப்பினார். ஒரு சமயம் பலம் பெறும்போது பலமிழக்கும் சமயத்துக்கு அரசு காவல் நிற்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே கல்லில் எழுதப்பட்டிருப்பது இன்றைய வாசகர் மறக்கக்கூடாத செய்தி.

15-ஆம் நூற்றாண்டில் அரசனும் ஆசாரியரும் இன்னும் நெருங்கினார்கள். நசரத்பேட்டை முதலியாண்டானின் வழிவந்தவர்கள் கந்தாடையார். அந்தக் குடியைச் சேர்ந்த கந்தாடை ராமானுஜ ஐயங்கார், பின்னாளில் விஜயநகர அரசரான சாளுவ நரசிம்மர் திருப்பதியில் ஏற்படுத்திய ராமானுஜகூடத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். வரும் வைணவர்களுக்குச் சோறிடும் இடம் அது. அவருக்குக் கீழே பூணூல் அணியாத சாத்தாத வைணவர்கள் பணி செய்தார்கள்.

இந்தத் தானங்கள் நடந்த விதம் தெரிந்தால்தான் 31 கிராமங்களின் பொருள் விளங்கும். அரசனோ தளபதியோ வணிகனோ கோயிலுக்குப் பணம் கொடுப்பான். கோயில் அதைத் தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் போடும். நீர் பெருகினால் விளைச்சல் கூடும். கூடுதல் நெல்லிலிருந்து கொடுத்தவன் பெயரில் தினமும் தளிகை நடக்கும். படைத்த பிரசாதத்தில் வழக்கமாகக் கால் பங்கு கொடுத்தவனுக்கு உரியது. திருப்பதிக் கல்வெட்டுகள் அதை விட்டவன் விழுக்காடு என்கின்றன. அந்தப் பங்கை அவன் ஓர் ஆசாரியருக்கோ ராமானுஜகூடத்துக்கோ எழுதிவைப்பான். காசு நீராகி, நீர் நெல்லாகி, நெல் மரியாதையாகி, மரியாதை அரசனின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. எங்கிருந்தோ வந்து தொண்டை மண்டலத்தை ஆண்ட தெலுங்கு நாயக்கர்களுக்கு உள்ளூரில் பேர் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஆசாரியர்களுக்கு ஊர்களும் நீரும் வேண்டியிருந்தன. ஸ்ரீபெரும்புதூர் போன்ற வானம்பார்த்த பூமியில், ஏரியை நம்பியே வாழும் நாட்டில், இந்த ஏற்பாட்டின் மதிப்பு பெரியது.

ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ராமானுஜர் திருமேனியை அடியார்கள் தானுகந்த திருமேனி என்பார்கள். முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான் செய்வித்து, ராமானுஜரே வாழும் காலத்தில் தழுவி அனுப்பிய சிலை என்பது நம்பிக்கை. கந்தாடையார் திருப்பதியிலும் விஜயநகர அவையிலும் செல்வாக்குப் பெற்ற பிறகு, அவர்கள் முன்னோர் செய்வித்த அந்தத் திருமேனி அரசர்களின் கண்ணிலும் பட்டது இயல்புதான். 1556-ன் செப்பேடு அந்த வரிசையில் வருகிறது.

அதே காலத்து உலகை ஒரு நொடி நினைத்துப் பார்க்கலாம். 1555-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் உடன்படிக்கை செய்தார்கள். மன்னனின் மதம் எதுவோ அதுவே அவன் நாட்டு மக்களின் மதம், ஒப்பாதவர்கள் குடிபெயரலாம் என்பது அதன் சாரம். விஜயநகரத்தில் வேறு கணக்கு நடந்தது. ராமராயர் வைணவ ஆசாரியருக்கு ஊர்கள் கிடைக்க வழிசெய்தார், தம் படையில் முஸ்லிம் தளபதிகளை வைத்திருந்தார். சதாசிவராயரின் குலமான துளுவ அரசர்களின் செப்பேடுகள் யாருக்குத் தானம் கொடுத்தாலும் ஸ்ரீ விரூபாக்ஷ என்று சிவன் பெயரில் கையொப்பமிட்டு முடிவது வழக்கம். பின்வந்த இரண்டாம் வேங்கடர் காலத்தில்தான் அந்தக் கையொப்பம் ஸ்ரீ வேங்கடேசர் ஆனது.

ஆனால் இதைப் பொற்காலமாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அரசு ஒரு பக்கம் சாய்ந்தபோது மறுபக்கம் வலித்தது. தில்லைச் சிவன் கோயிலில் இருந்த கோவிந்தராஜப் பெருமாள் சன்னிதி இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் அகற்றப்பட்டது. 1539-ல் விஜயநகர அரசர் அச்சுதராயர் அதை மீண்டும் ஏற்படுத்தினார். 1597-ல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அந்தச் சன்னிதியை விரிவாக்க முனைந்தபோது, எதிர்த்த சைவர்களில் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிரைவிட்டார்கள் என்று அங்கே வந்த ஜெசுவிட் பாதிரியார் பிமென்டா எழுதிவைத்திருக்கிறார். வேலூர் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் அப்பைய தீட்சிதர் சைவ வேதாந்தத்தை நிலைநாட்டியதும் இந்த அழுத்தத்துக்கு எழுந்த பதில்தான்.

வைணவத்துக்கு உள்ளேயும் பிளவு வந்தது. காஞ்சித் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரையும், பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த மணவாள மாமுனிகளையும் குருவாகக் கொண்டவர்கள் வடகலை, தென்கலை என்று பிரிந்தார்கள். கருத்து வேறுபாடாக இருந்தவரை அது நல்ல நூல்களைத் தந்தது. கோயில்களில் ஊர்களும் மரியாதைகளும் குவிந்த பிறகு, யார் எந்த ஆசாரியரின் தனியனை (துதிச் சுலோகத்தை) முதலில் சொல்வது, யாருக்கு முதல் தீர்த்தம் என்பவை பெரும் வழக்குகள் ஆயின. காஞ்சி வரதராஜர் கோயிலில் எட்டூர் குமார தாதாசாரியர் இரண்டாம் வேங்கடரின் ராஜகுருவாக இருந்து கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தார். திருக்கச்சி நம்பிக்கு இடம் கொடுத்த பழைய திறந்த மனம், மரியாதை வரிசையின் கணக்குக்குள் சுருங்கியது. அரச ஆதரவின் விலை இது.

1565 ஜனவரியில் தக்காண சுல்தான்களோடு நடந்த தலைக்கோட்டைப் போரில் ராமராயர் கொல்லப்பட்டார். தலைநகர் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்தது. ஆட்சி மெலிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் நாயக்கர்களின் கையில் இருந்தது. 1639-ல் தாமல் வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டேக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தார். அவருடைய சகோதரர் அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து அந்தப் பேச்சுவார்த்தைக்குத் துணைநின்றார். சென்னைப்பட்டணம் பிறந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் மீர் ஜும்லாவின் தலைமையில் கோல்கொண்டா சுல்தானின் படை இப்பகுதியைப் பிடித்தது. பூந்தமல்லி கோல்கொண்டா அதிகாரிகளின் இருப்பிடமானது. சுல்தான் அபுல் ஹசனின் ஆட்சியை நடத்தியவர்கள் மாதண்ணா, அக்கண்ணா என்ற பிராமண அமைச்சர்கள். பூந்தமல்லியில் அதிகாரம் செய்தவர் லிங்கப்பா. இந்து ஆட்சி போய் முஸ்லிம் ஆட்சி வந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாத காலம் அது.

1687-ல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை விழுங்கினார். மறு ஆண்டே, முகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் காஞ்சி வரதராஜரின் உற்சவமூர்த்தியை உடையார்பாளையத்துக் காட்டுக்குக் கொண்டுபோய் மறைத்துவைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு பாளையக்காரர் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார். வைணவத் துறவி ஆத்தான் ஜீயர் உதவி கேட்டுப் போனது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் அதிகாரி லாலா தோடர்மாலிடம். 1710-ல் தோடர்மால் தலையிட்டு மூர்த்தியைக் காஞ்சிக்கு மீட்டுக்கொடுத்தார். கோயிலில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. தோடர்மாலின் உருவமும் அவர் குடும்பத்தாரின் உருவங்களும் அங்கே வைக்கப்பட்டன. முகலாயருக்கு அஞ்சி ஓடிய பெருமாள், முகலாயர் வழிவந்த ஆட்சியின் அதிகாரியாலேயே ஊர் திரும்பினார். கோபணார்யருக்கு 1371-ல் கிடைத்த இடத்தை 1710-ல் தோடர்மால் பெற்றார்.

இதே இடத்துக்கு அடுத்து வந்தது கம்பெனி. 1763-ல் நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதற்குள் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கு ஓலையில் எழுதப்பட்டது. எத்தனை காணி நஞ்சை, எத்தனை புஞ்சை, ஏரி எங்கே, கோயிலுக்கு மானியம் எவ்வளவு, களத்தில் நெல் அளக்கும்போது கணக்கனுக்கும் வெட்டியானுக்கும் குயவனுக்கும் நாட்டிய தாசிக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் போகும் மேரை என்ற பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இதே ஓலைகளில் பெரிய கோயில்களுக்குத் தொலைவான ஊர்க் களங்களிலிருந்தும் பங்கு போவதைக் காணலாம். அரசர்கள் மாறியும் ஏரிக் களத்தின் பங்கீடு தொடர்ந்தது.

1780-ல் மைசூரின் ஹைதர் அலி படையெடுத்து வந்தார். காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் செப்டம்பர் 10 அன்று கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திய படை அழிந்தது. ஜாகீர் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, குடியானவர்கள் சிதறினார்கள். பதினான்கு ஆண்டு கழித்துக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், ஊர்களுக்கு ஆளைத் திரும்பக் கொண்டுவர வழி தேடினார். 1794 முதல் 1798 வரை அவர் வரி வசூலோடு ஏரிகளைச் செப்பனிட்டார், காஞ்சி வரதராஜர் கோயில் நிர்வாகத்தில் நேரடியாக இறங்கினார், நின்றுபோன திருவிழாக்களை நடத்திவைத்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. கிறிஸ்தவக் கம்பெனியின் அதிகாரி, கோபணார்யரும் தோடர்மாலும் செய்த வேலையையே செய்தார். இந்த மண்ணில் ஆள்பவர் யாரானாலும் நெல்லுக்கு ஏரி வேண்டும், ஏரிக்கு ஊரார் வேண்டும், ஊராரின் ஒப்புதல் கோயில் வாசலில் கிடைத்தது.

ஆனால் அவரோடு ஒன்று முடிவுக்கும் வந்தது. விஜயநகர அரசன் கோயிலுக்குக் கொடுத்து மரியாதை பெற்றான், நிர்வாகத்தை ஆசாரியரிடமும் தானத்தாரிடமும் விட்டான். கம்பெனி நிர்வாகத்தையே கையில் எடுத்தது. 1817-ன் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. இங்கிலாந்தில் மிஷனரிகள் எழுப்பிய எதிர்ப்பால் 1840-களில் கம்பெனி விலகிக்கொண்டது. வடகலை, தென்கலைத் தகராறுகள் நீதிமன்றம் ஏறின. 1925-ல் நீதிக்கட்சி ஆட்சி இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைய அறநிலையத்துறை அந்த வழியில் வந்தது. சமயத்தின் நிலத்துக்கும் பணத்துக்கும் அரசு பொறுப்பு என்ற கருத்து தமிழகத்தில் வேர் பிடித்தது இந்தத் தொண்டை நாட்டு அனுபவத்திலிருந்துதான் என்று சொன்னால் மிகையாகாது.

கடந்த முப்பது ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார் ஆலைகளும் கண்ணாடி ஆலைகளும் கைபேசி ஆலைகளும் வந்திருக்கின்றன. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். 2017-ல் ராமானுஜரின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. அதற்குச் சற்று முன்பு பகுத்தறிவாளரான மு. கருணாநிதி ராமானுஜர் வாழ்வைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். அந்த வட்டார ஊர்களின் வரலாற்றை வேலைக்கு வந்தவர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒருசேரத் தெரிந்துகொள்ள வேண்டும். பர்னார்ட் காலத்து ஓலைக் கணக்குகளில் சில ஊர்களுடையவை மட்டும் அச்சில் வந்துள்ளன. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டங்களின் மீதி ஊர்களுக்கும் அவை அச்சாகவேண்டும். நிலம் ஆலைக்குப் போகும் முன், அந்த ஊர்ச் சிறுகோயிலின் கல்வெட்டுகளும் ஏரி மதகின் எழுத்துகளும் படியெடுக்கப்படவேண்டும். சதாசிவராயர் கொடுத்த 31 ஊர்களில் இன்று எவை எந்தப் பெயரில் இருக்கின்றன, அவற்றின் ஏரிகளில் நீர் நிற்கிறதா என்று தேடிப் பட்டியலிடும் வேலையைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்று எடுத்துச் செய்யலாம்.